நண்பர்களோடு கடலோரக் கேரவன் பயணம்: எடை பார்ப்பது முதல் உப்பு கழுவுவது வரை

நான்கு பேர், ஒரு கார், அதன் பின்னால் ஒரு கேரவன், ஒரு வாரம் கடலை ஒட்டியே பயணம். இப்படி ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். முதல் பயணத்தில் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். மூன்றாம் நாள் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கேஸை மூடினோமா என்பது எனக்கு மட்டும் தெரியும், தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்பதும் எனக்கு மட்டும் தெரியும். நண்பர்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த பயணத்திலிருந்து இரண்டு விஷயங்களை மாற்றினோம். ஆளுக்கொரு பொறுப்பு. அந்தப் பொறுப்பை முடித்ததும் வாய்விட்டுச் சொல்வது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

கேரவன் என்று இங்கே நான் சொல்வது காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டை. என்ஜினோடு சேர்ந்தே வரும் வேன் வகையில் போகிறவர்களுக்கு இணைப்பு பற்றிய பகுதி தேவைப்படாது. காற்று, ஓதம் (கடலின் ஏற்றவற்றம்), கேஸ், கரண்ட் எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. முதலில் பொறுப்பைப் பிரியுங்கள்

நான்கு பேர் என்றால் நான்கு பொறுப்பு. ஒருவருக்கு வண்டி: டயர், எடை, இணைப்பு. ஒருவருக்கு கேஸும் கரண்டும். ஒருவருக்குத் தண்ணீரும் கழிப்பறையும். ஒருவருக்குக் கடலும் வானிலையும். சமையலை இதில் சேர்க்காதீர்கள், அது முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும். கழிப்பறைப் பொறுப்பை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள், அதனால் அந்த ஒன்றை மட்டும் பாதிப் பயணத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பணத்துக்குப் பொது உண்டியல் ஒன்று போதும். கிளம்பும் முன் எல்லோரும் ஒரே தொகையைப் போட்டுவிடுங்கள். எரிபொருள், முகாம் வாடகை, கேஸ், சாப்பாடு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். கேரவன் யாராவது ஒருவருடையது என்றால், சேதமானால் யார் எவ்வளவு ஏற்பது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். சுவரில் கீறல் விழுந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால் நட்பில் கசப்பு ஏறும்.

வேறு நாட்டில் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும்: உங்கள் ஓட்டுநர் உரிமம் அந்த எடைக்குச் செல்லுமா, காரின் காப்பீடு இழுவைக்கும் உண்டா. வேக வரம்பும் பல நாடுகளில் இழுவை வண்டிக்குத் தனி.

2. எடை: இங்கே நேரம் செலவழியுங்கள்

விபத்துக்கான விதை பெரும்பாலும் எடையில் விழுகிறது. கேரவனின் கதவோரத்திலோ முன்பக்கத்திலோ ஒரு தகடு இருக்கும். ஏற்றிய சாமான்களோடு சேர்த்து அது அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது அதில் பொறித்திருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலி எடை 1,200 கிலோ, தகட்டில் உள்ள வரம்பு 1,450 கிலோ. நம் கையில் 250 கிலோ இருக்கிறது. கேட்கும்போது நிறையத்தான் தோன்றும். பேட்டரி 25, கேஸ் சிலிண்டர்கள் 30, பந்தலும் கம்பிகளும் 25, மேசை நாற்காலி 25, பீப்பாயில் தண்ணீர் 40. இத்தோடு 145 கிலோ போய்விட்டது. மிச்சம் 105. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 26 கிலோ. துணி, படுக்கை, பாத்திரம், மளிகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அந்த 40 கிலோ தண்ணீரை ஊரிலிருந்தே சுமந்துகொண்டு போகத் தேவையில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. வழியில் குடிக்க மட்டும் எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். தொட்டியில் பாதி மட்டும் இருக்கும் தண்ணீர் வளைவுகளில் அலைந்து வண்டியையும் அலைக்கும்.

அடுத்து கார். காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் கேரவனின் மொத்த எடை இருந்தால் நல்லது என்பது பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன 1,450 கிலோ கேரவனை இழுக்க ஏறத்தாழ 1,700 கிலோ கார் வேண்டும். கார் தயாரிப்பாளர் குறித்திருக்கும் இழுவை வரம்பு இதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைவான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முன்பாரம். மாட்டு வண்டிக் காலத்திலேயே நம் மொழியில் இருக்கும் சொல் இது. பாரம் பின்னால் போனால் வண்டி நுகத்தைத் தூக்கும், முன்னால் குவிந்தால் மாட்டின் கழுத்தை அமுக்கும். கேரவனிலும் கதை அதேதான். கேரவனின் முன்முனையில் உள்ள இணைப்புப் பூட்டான கப்ளிங், காரின் பின்னால் உள்ள இழுவைக் குண்டின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதே முன்பாரம். ஐரோப்பிய வகைக் கேரவன்களுக்கு ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம், வட அமெரிக்க வகைகளுக்கு 10 முதல் 15 சதவீதம் என்று வைப்பார்கள். 1,450 கிலோவுக்கு 5 முதல் 7 என்றால் ஏறத்தாழ 72 முதல் 101 கிலோ. ஆனால் காரின் இழுவைக் கம்பிக்கும் கப்ளிங்குக்கும் தனித்தனி வரம்பு உண்டு, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. உங்கள் காரின் வரம்பு 75 என்றால் 75தான்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மூலைக் கால்களை (நிறுத்திய இடத்தில் நான்கு மூலைகளிலும் இறக்கும் தாங்குகால்களை) மேலே ஏற்றிவிடுங்கள். ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்றைக் கப்ளிங்குக்கு நேர் கீழே வையுங்கள். காரில் மாட்டியிருக்கும்போது கப்ளிங் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, மெஷினுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே நிறுத்துங்கள். முன்னால் உள்ள குட்டிச் சக்கரத்தை மெல்ல ஏற்றினால் பாரம் முழுவதும் கட்டை வழியாக மெஷினில் இறங்கும். எண்ணைப் பாருங்கள். பிறகு ஒரு தண்ணீர் கேனைப் படுக்கைக்கு அடியிலிருந்து எடுத்து முன்பெட்டியில் வைத்து மறுபடி பாருங்கள். ஒரு கேன் இடம் மாறினால் எண் எப்படி மாறுகிறது என்பதை நால்வரும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் கடைசி நேரத்தில் கனமான பெட்டியைப் பின்மூலையில் திணிக்க மாட்டார்கள்.

ஏற்றும் முறை எளிது. கனமானவை தரையில், அச்சுக்கு மேலேயும் அதை ஒட்டியும். நடுத்தரமானவை தரைமட்டத்தில் முன்னும் பின்னும். துணி, தலையணை மாதிரி லேசானவை மட்டும் மேல் அலமாரியில். இரண்டு சைக்கிள்களைப் பின்சுவரில் தொங்கவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், அவை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகின்றனவோ அவ்வளவுக்கு வாலாட்டத்தை, அதாவது ஓடும்போது கேரவன் இடவலமாக ஆடுவதைக் கூட்டும். முடிந்தால் காருக்குள் கொண்டுபோங்கள்.

3. டயர்

கேரவன் டயர் தேய்ந்து சாவது குறைவு, வயதாகித்தான் சாகிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயில் வாங்கிக்கொண்டு நிற்கும், டயரின் பள்ளம் ஆழமாகவே இருக்கும், ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வயதைத் தாண்டியதை நன்றாகச் சோதியுங்கள், ஏழைத் தாண்டியதில் பயணம் வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே விதி. காற்றை டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

4. மாட்டும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்

இணைப்பை இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் கையால் செய்ய, மற்றவர் பட்டியலைப் பார்த்துக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கம் இப்படி:

“கப்ளிங்?”

“உக்காந்துருச்சு. க்ளிக் கேட்டுச்சு, கப்ளிங்ல பச்சை அடையாளம் தெரியுது.”

“தூக்கிப் பாத்தியா?”

“குட்டிச் சக்கரத்தை இறக்கி முன்னாடி தூக்கிப் பாத்தேன், காரும் சேந்து எழும்புது.”

“கேபிள்?”

“மாட்டியாச்சு. தரையில தேயல.”

“குட்டிச் சக்கரம்?”

“ஏத்தி இறுக்கியாச்சு.”

“ஹேண்ட் பிரேக்?”

“எடுத்தாச்சு.”

“மூலைக் கால் நாலும்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லக் கூடாது என்பது விதி. சுற்றி நடந்து நான்கையும் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஒருமுறை பின்பக்கக் கால் ஒன்று இறங்கியபடியே கிளம்பி, முகாமின் வாசல் மேட்டில் உரசி வளைந்தது. நானேதான் அன்று “ஏத்தியாச்சு” என்று சொன்னவன்.

அவசர பிரேக் கேபிளை அலட்சியம் செய்யாதீர்கள். கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் அந்த மெல்லிய கம்பிதான் கேரவனின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அறும். அதற்கென்று இழுவைக் கம்பியில் வளையம் இருந்தால் அதில் மாட்டுங்கள். கடைசியாக விளக்கு: ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக், இரண்டு பக்க இண்டிகேட்டர், பின்விளக்கு என்று வரிசையாகப் போட, ஒருவர் பின்னால் நின்று கத்திச் சொல்லட்டும். உப்புக் காற்றில் விளக்குக் கேபிளின் பிளக்கில் உள்ள பின்களில் பச்சை பூக்கும். அங்கிருந்துதான் முக்கால்வாசி விளக்குக் கோளாறு வரும். சிறு தூரிகையால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

கூடுதல் வாலாட்டத் தடுப்புள்ள கப்ளிங் என்றால் குண்டில் கிரீஸ் தடவக் கூடாது. உள்ளே இருக்கும் உராய்வுப் பட்டைகள் குண்டைப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன, கிரீஸ் பட்டால் பிடிப்பு போய்விடும்.

5. சாலையில்

வண்டி ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது. பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது. சட்டம் தடுக்காத இடத்திலும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஓட்டுவது நான்கு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். கடலோரச் சாலை நேர்ச்சாலை மாதிரி வேகம் தராது. வளைவு, குன்று, மீன்பிடி ஊர்களின் குறுகிய தெரு, திரும்ப இடமில்லாத முட்டுச் சந்து எல்லாம் குறுக்கே வரும். வரைபடத்தில் 150 கிலோமீட்டர் என்றால் அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் முகாமைச் சேர்ந்துவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடியும், நால்வரின் மனநிலையும் நன்றாக இருக்கும்.

கேரவன் வாலாட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை ஓட்டுகிற ஒவ்வொருவரும் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும், அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகம் கூட்டி நேராக்கலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது ஆளைக் கொல்லும் யோசனை. வேகம் தானாகக் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். அடங்கியதும் ஒதுங்கி நிறுத்தி, டயரையும் பாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். லாரி முந்தும்போதும், பாலத்தின் மேல் ஏறும்போதும், இறக்கத்திலும் இது வரும்.

பின்னால் எடுப்பதற்கு ஒரே ஒரு குறிப்பு தருகிறேன், எனக்கு அதுதான் பிடிபட்டது. ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தை ஒரு கையால் பிடியுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் கையை நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மிக மெதுவாக. வழிகாட்டுகிறவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும், அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து கத்தினால் ஓட்டுகிறவருக்குக் கை ஓடாது. உங்களுக்கு அவர் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

6. இடம் தேர்வு: கடலைப் படியுங்கள்

கடலையும் வானிலையையும் பொறுப்பெடுத்தவருக்கு இனிமேல்தான் வேலை.

ஒரு முறை மாலை நான்கு மணிக்கு ஒரு கரையைப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கரையிலேயே வண்டி நிறுத்த அனுமதி உண்டு. மணல் தார்ச்சாலை மாதிரிக் கெட்டியாகக் கிடந்தது, அலை எங்கோ தள்ளி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கடலைப் பார்த்தபடி நிறுத்தி நாற்காலிகளை விரித்துவிட்டோம். கடல் பொறுப்பிலிருந்த நண்பன் மட்டும் உட்காராமல் கேரவனைச் சுற்றி நடந்து, பின்பக்கம் பத்தடி தள்ளிக் குனிந்தான். காய்ந்த பாசி, சிப்பி ஓடு, நண்டின் வெற்றுக் கால், ஒரு பாட்டில் மூடி. எல்லாம் ஒரே கோடாக, யாரோ கயிறு பிடித்துப் போட்ட மாதிரி, நீளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. பாசியைக் கையில் எடுத்து நசுக்கினான். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். “இங்க வரைக்கும் தண்ணி வந்து இன்னும் ஒரு நாள் ஆகலடா” என்றான். கேரவன் அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கமாக நின்றது. முனகிக்கொண்டே மடித்து மேட்டுக்கு நகர்ந்தோம். இரவு பத்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, நாற்காலி போட்டிருந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது.

அந்தப் பாசிக்கோடுதான் கடல் தன் கையால் போட்டுவைக்கும் எல்லைக்கோடு. வேறு எதையும் நம்பும் முன் அதைத் தேடுங்கள்.

பெரும்பாலான கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று மாலை ஐந்துக்கு வந்த தண்ணீர் இன்று ஐந்தே முக்காலைத் தாண்டி வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஒன்றிரண்டு நாளில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அதனால் அரை நிலா நாட்களில் வந்து பார்த்த பாசிக்கோடு பௌர்ணமிக்குச் செல்லாது. கடலுக்குக் கடல் வித்தியாசமும் பெரிது. மத்தியதரைக் கடலின் பல கரைகளில் ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளில் நாளுக்கு ஒரே ஒரு உயர் ஓதம். ஆகவே அந்தந்தக் கரைக்கான ஓத அட்டவணையைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதும் இல்லை. மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் மூன்று மீட்டர் ஏறும் கரை என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர், இரண்டாம் மணியில் 50, மூன்றிலும் நான்கிலும் 75, 75. பிறகு 50, 25. முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு “மெதுவாகத்தான் வருது” என்று நடக்கக் கிளம்புகிறவர்கள் பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

காற்று அடுத்தது. பகலில் நிலம் சூடேற, முற்பகலில் கடற்காற்று எழும்பும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். இரவில் திசை மாறி நிலத்திலிருந்து வீசும். காலை எட்டு மணிக்கு அமைதியாக இருந்த இடம் பிற்பகல் மூன்றுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் பந்தல் போட வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள பக்கச்சுவரில் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சுமார் 95 கிலோ எடையுள்ள தள்ளல். 72 கிலோமீட்டர் காற்றில் அது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகி 375 கிலோவைத் தொடும். அதனால் கேரவனின் குறுகிய முகப்பைப் பலமான காற்று வரும் திசைக்குக் காட்டி நிறுத்துங்கள். கடலைப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். மரக்கிளைகள் மொத்தமாக ஆடத் தொடங்கினால் பந்தலை மடித்துவிடுங்கள். மணலில் சாதாரண முளை நிற்காது, நீளமான அகன்ற முளை வேண்டும். இல்லையென்றால் மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டிக் குழிதோண்டிப் புதையுங்கள்.

மணல்மேட்டின் மேல் படர்ந்திருக்கும் புல் மீதும் கொடி மீதும் சக்கரம் ஏற்றாதீர்கள். அவற்றின் வேர்தான் அந்த மேட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. கடலாமைகள் முட்டையிடும் கரை என்றால் இரவில் கடல் பக்க விளக்கை அணைத்துவிடுங்கள். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடலென்று நினைத்து நடக்கும், நம் விளக்கு அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்துவிடும்.

7. நிறுத்தி நிலைப்படுத்துவது

வரிசை முக்கியம். காரில் மாட்டியிருக்கும்போதே முதலில் இடவலம் சமப்படுத்துங்கள்: தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சரிவுக் கட்டை மேல் ஏற்றி, உள்ளே தரையில் வைத்த மட்டப்பலகையைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக், சக்கரக் கட்டை. அதன் பிறகு காரைக் கழற்றி, குட்டிச் சக்கரத்தால் முன்பின் சமம். கடைசியாக மூலைக் கால்களை இறக்குங்கள். அந்தக் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும். அவற்றால் கேரவனைத் தூக்கப் பார்த்தால் அடிச்சட்டம் வளையும். மணலில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

பக்கத்துக் கேரவனுக்கும் உங்களுக்கும் இடையே 6 மீட்டராவது இருக்கட்டும். தீப்பிடித்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமலிருக்க அந்த இடைவெளி.

8. கேஸும் கரண்டும்

புட்டேன் கேஸ் உறைபனிக்கு அரை டிகிரி கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வரும். குளிர்காலக் கரைக்குப் புரொப்பேன்தான். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதற்காகத்தான் கேரவனின் தரையில் துளைகள் வைத்திருக்கிறார்கள், குளிர் வருகிறதென்று அவற்றைத் துணி வைத்து அடைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாட்டியதும் சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரிலும் ஓஸ் மூட்டுகளிலும் தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். நிறமில்லை, வாசனையில்லை. சுட்டுச் சாப்பிட்ட கரி அடுப்பு அணைந்துவிட்டதென்று நினைத்து, மழைக்குப் பயந்து பந்தலுக்குள்ளோ கேரவனுக்குள்ளோ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழவேயில்லை. சாம்பல் மூடிய கரியும் மணிக்கணக்கில் விஷத்தைக் கக்கும். தலைவலி, கிறுகிறுப்பு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். அலாரம் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கேட்டுவிடுங்கள். கேஸ் அடுப்பை அறை சூடாக்கப் பயன்படுத்துவதும் இதே ஆபத்து.

முகாமின் கரண்ட் இணைப்பில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். 2,000 வாட் கெட்டிலும் 1,000 வாட் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடாது. கேபிளை முதலில் கேரவனில் மாட்டி, பிறகு கம்பத்தில் செருகுங்கள். கழற்றும்போது கம்பத்தில் முதலில். உருளையில் சுற்றிய கேபிளை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடி விட்டால் சூடேறி உருகும்.

கம்பம் இல்லாத இடத்தில் பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் கணக்குப்படி 1,200 வாட்-மணி இருக்கும், பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் நம் கைக்கு 600தான். எதையும் ஓட்டாமல் சற்று நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.1 பக்கம் வந்தால் பாதி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. கேஸ், முகாம் கரண்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜை நிறுத்திய இடத்தில் 12 வோல்ட்டில் ஓட்டாதீர்கள், ஒரே இரவில் பேட்டரியைக் குடித்துவிடும்.

9. தண்ணீர், கழிப்பறை

சிக்கனமாகப் புழங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டரில் சமாளிக்கலாம், முகாமிலேயே குளிக்க வசதி இருந்தால். பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுவது பெரிய மிச்சம். கழுவிய தண்ணீருக்கு வெளியே ஒரு வாளியோ தொட்டியோ கட்டாயம். மணலில் விட்டால் ஈயும் நாற்றமும் மறுநாளே வரும்.

கழிப்பறைப் பெட்டி பெரும்பாலும் 20 லிட்டருக்குள். நான்கு பேருக்கு இரண்டு நாள், அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள், நிறைந்த பெட்டியைத் தூக்குவது சிரமம். அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்ட வேண்டும். கடலிலோ புதரிலோ ஒருபோதும் கூடாது.

10. கடலில் இறங்கும்போது

உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் குளியுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் இருண்டு அமைதியாகத் தெரியும் பாதை பார்க்கச் சாதுவாக இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காதீர்கள். மிதந்து மூச்சைச் சரிசெய்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். காப்பாற்றப் போகிறவர் மிதக்கும் பொருள் ஏதாவது ஒன்றில்லாமல் இறங்கக் கூடாது. குடித்தவர் அன்று கடலுக்கு இல்லை. இதில் எங்கள் நால்வருக்குள் விவாதமே கிடையாது.

11. கிளம்பும் நாளும் வீடு சேர்ந்த நாளும்

பந்தலை ஈரத்தோடு மடித்தால் மூன்றே நாளில் பூஞ்சை. வேறு வழியில்லை என்றால் ஈரமாக மடித்து, வீடு சேர்ந்ததும் அன்றே விரித்துக் காயப்போடுங்கள். ஜன்னல், கூரைத் துவாரம், ஏறும் படி, ஃபிரிட்ஜ் கதவு என்று நால்வரும் அவரவர் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகே கார் நகரட்டும். காலியான இடத்தைக் கடைசியாக ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். முளை, கயிறு, பிளாஸ்டிக் எது கிடந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

வீடு சேர்ந்த அன்று எல்லோரும் களைத்திருப்பார்கள். ஆனாலும் உப்பு காத்திருக்காது. நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைவாக வைத்து, அடிச்சட்டம், சக்கரத்தின் உள்பக்கம், கப்ளிங், மூலைக் கால்களின் திருகு, கீல்கள் எல்லாவற்றையும் கழுவுங்கள். நாங்கள் மேலே பளபளக்கும் சுவரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம், துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில். காய்ந்ததும் கால்களின் திருகுக்குக் கிரீஸ், ஜன்னல் ரப்பருக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே, பிளக்கின் பின்களுக்குப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாக ஒரு தடவல். உள்ளே மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் வடித்து, குழாய்களைத் திறந்தபடி விடுங்கள். ஃபிரிட்ஜ் கதவுக்கு இடையில் ஒரு துணியைச் சுருட்டிச் செருகிவிட்டுப் பூட்டுங்கள். மூடிவைத்தால் அடுத்த முறை திறக்கும்போது உள்ளே கறுப்புப் பூஞ்சை வரவேற்கும்.